அணில் பாட்டு படிச்சதும்

கார்ட்டூன் படப் பாட்டுத்தானே, யார் வேண்டுமானாலும் பாடிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. எடுத்துப் பார்த்தால்தான் சிரமம் தெரியும். கரோக்கியில் பாடகர் குரல் இருக்காது. மெட்டு மட்டும் ஓடும், வரிகள் டிவியில் வரும், நாம் கூடவே பாட வேண்டும். மெதுவான பாட்டைப் போட்டால் கூட்டம் தூங்கிவிடும். வேகமானதைப் போட்டால் பாடுகிறவளுக்கு மூச்சு வாங்கும். எங்கள் பனியன் கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பாட்டு எடுக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. பர்சனல் மேனேஜர் என்று பெயர்; கக்கூஸ் அடைத்துக்கொண்டாலும் கந்தவேலைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது, ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரோக்கி செட்டை வாங்கி வந்தது எங்கள் முதலாளி திருமூர்த்தி. வெளிநாட்டில் பார்த்தாராம். "புள்ளைங்க சந்தோசமா இருக்கறது வர்றவங்க கண்ணுல படோணும், கந்தவேலு" என்றார். ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கத்துப் பெண்கள். காதல் பாட்டுப் போட்டால் ஒருத்தியும் மைக்கைத் தொடமாட்டாள். ஊரில் தெரிந்தால் அப்பன் வந்து வாசலில் நிற்பான். கார்ட்டூன் படம் என்றால் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. தமிழில் டப் செய்து டிவியில் போடுகிற படங்களாகப் பார்த்து எடுத்தேன். அதில் ஒன்று அணில் பாட்டு. மழையில் நனைந்த அணில் பொந்து பொந்தாகப் போய், "டொக்கு டொக்கு கதவைத் திற, தோப்பெல்லாம் மழை" என்று பாடும்.

ஒத்திகையில்தான் அதைக் கவனித்தேன். பெரிய பெண்கள் டிவியைப் பார்த்து, வரிகளை எழுத்துக்கூட்டிப் பாடினார்கள். சிலர் மட்டும் டிவி பக்கமே திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அணில் மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார்கள். எல்லோருடைய சர்ட்டிபிகேட்டிலும் வயது பதினெட்டுத்தான். பிள்ளைகளை ஊரிலிருந்து கூட்டிவருகிற ஏஜெண்டு தயார் செய்து கொடுப்பது அது. ஆளைப் பார்த்தும் சொல்ல முடியாது. சரியான சோறில்லாமல் வளர்ந்த இருபது வயதுப் பெண்கூடச் சிறுமி போலத்தான் இருப்பாள். அணில் பாட்டு காட்டிக்கொடுத்துவிட்டது; போன வருடம்வரை வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த சின்னதுகளுக்குத்தான் அது மனப்பாடம். நாலு பேர் தேறினார்கள். அதில் ரொம்பச் சின்னவள் முத்துப்பேச்சி.

"சார், அணில் பாட்டை நான் படிக்கட்டுமா?" என்று முதல் ஆளாக வந்து நிற்பாள்.

"படிக்க வேண்டாங் கண்ணு, பாடு" என்றேன் முதல் நாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் ஊரில் பாட்டைப் படிப்பார்களாம். ரேடியோவும் படிக்குமாம், மைக் செட்டும் படிக்குமாம். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. முத்துப்பேச்சியையும் பிடிக்கும், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தெரிந்த பிறகும் ஏன் ஊருக்கு அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். பனியனில் பிசிறு வெட்டுவதற்குச் சின்னக் கைதான் தோது. ஊரில் மட்டும் என்ன செய்திருப்பார்கள், தீப்பெட்டி ஒட்டியிருப்பார்கள். இங்கே தலைக்கு மேல் ஃபேன் இருக்கிறது, கரோக்கி இருக்கிறது. பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆள் அனுப்பிச் சோதிக்கிற ஆடிட் என்றால் வழக்கமாக முன்கூட்டியே தகவல் வந்துவிடும். சின்னதுகளை வேனில் ஏற்றி ஏதாவது கோயிலுக்கு அனுப்பிவிடுவோம். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்கிற குழப்பம்தான் முன்பு இருந்தது.

அந்த ஏப்ரலில் பையர் அனுப்பிய ஆடிட்டர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தபோது கார் கேட்டில் நிற்கிறது. ஒரு சின்னப் பெண் அவர் கண்ணில் பட்டால் போதும், ஆர்டர் போகும், அத்தனை பேருக்கும் வேலை போகும். நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். பின்பக்கம் வேஸ்ட் ரூம், கட்டிங்கில் மிஞ்சுகிற துணியை மூட்டை கட்டிப் போடுகிற அறை. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. ஆனால் உட்கார மெத்தென்று இருக்கும். ஆடிட்டர் கார் வெளியே போனதும் மைக் செட்டில் அணில் பாட்டைப் போடும்படி ஹாஸ்டல் வார்டன் செல்லாத்தாளிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடம் அவர்கள் பேச்சிலேயே, அன்பாகத்தான் சொன்னேன்.

"சத்தம் போடக்கூடாது கண்ணு. அணில் பாட்டு படிச்சதும் வந்துரலாம்."

"சரி சார்" என்றாள் முத்துப்பேச்சி. ஷட்டரை இறக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் கரண்ட் போன லட்சணம் உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டர் மிஷின்களுக்கு மட்டும்தான். மைக் செட்டுக்குக் கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஷின்களை நிறுத்தினார்கள். ஆடிட்டர் அம்மாவோடு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போது கேட்டது. "டொக்கு டொக்கு கதவைத் திற." டொக்கு டொக்கு வரும் இடத்தில் தகரத்தில் தட்டுகிற சத்தம், தாளம் தப்பாமல். முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு விளங்கியது. மைக் செட்டு படித்ததும் என்ற நினைப்பில் நான் சொல்லியிருக்கிறேன். தாங்கள் படித்ததும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மைக் செட்டு என்ற வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்து முடித்தால் கதவு திறக்கும் என்று திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடிட்டர் அம்மா நின்றுவிட்டார். "யார் பாடறாங்க?"

"ஆண்டு விழாவுக்கு ஒத்திகைங்க, மேடம்."

"நல்லாப் பாடறாங்க."

"ஆமாங்க."

பயந்துதான் போனேன், ஐயா, நானும் மனுசன்தானே. நாலு குரல் மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் ஒரே குரல் நின்றது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். டிவி இல்லை, வரி இல்லை, ஒரு வார்த்தை தப்பவில்லை. அதற்குள் மிஷின்களைப் போட்டுவிட்டார்கள்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு கல் பிள்ளையார் வாங்க வேண்டுமாம். கல் சிற்பத்துக்குப் பேர்போன திருமுருகன்பூண்டி பக்கத்தில்தானே, கூட வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னால் மரியாதையாக இருக்குமா? காரில் ஏறிக்கொண்டேன். தும்பிக்கையை இன்னும் கொஞ்சம் தேய்த்துத் தருகிறேன் என்றார் சிற்பி. காத்திருந்தோம், இளநீர் குடித்தோம். செல்லாத்தாள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். விருந்தாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. கட் செய்தேன்.

அவரை ரயிலேற்றிவிட்டுப் பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பினேன். கரண்ட் வந்திருந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி அணில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மெட்டு மட்டும், குரல் இல்லாமல். வேஸ்ட் ரூம் வாசலில் செல்லாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஷட்டரை நெம்பிப் பார்த்திருப்பாள் போல, விரலெல்லாம் ரத்தம்.

"பாட்டு போட்டுக்கிட்டேதானுங்க சார் இருக்கறேன். ஒருத்தியும் சத்தங் குடுக்கறதில்லீங்க. பூட்டை உடைக்கட்டுங்களான்னு மொதலாளியக் கேட்டேன், கந்தவேலு வரட்டும்னுட்டாருங்க. சாவி எங்கீங்க? அதுக்குத்தானுங்க அத்தன போனு போட்டேன்."

மூன்று பேரை ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். முத்துப்பேச்சி ஷட்டரை ஒட்டியே கிடந்தாள். கை, கதவைத் தட்டுகிற வாக்கில் மடங்கியிருந்தது.

செய்தது நான்தான், ஐயா. பூட்டியது நான். சாவி காலையிலிருந்து என் சட்டைப் பையில், விபூதிப் பொட்டலத்தோடுதான் கிடந்தது. பூண்டியில் பிள்ளையாரைத் தூக்கிக் காரில் வைக்கும்போதுகூட நெஞ்சில் குத்தியது. எதையும் மறைக்கவில்லை. ஆனால் கரண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால் மைக் செட்டு படித்திருக்கும், பிள்ளைகளும் அவர்கள் பாட்டுக்கு வெளியே வந்திருப்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.