இன்னிக்கு எத்தனை டிகிரி, தங்கச்சி?

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அப்பாவின் டெஸ்டரை இன்னும் கையிலிருந்து இறக்காத மகளே, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, கிரீஸ் கையோடு ஓடிவந்திருக்கும் என் சக பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேச எனக்கு எட்டு மாதம் இருந்தது. பேசவில்லை. இப்போது கொஞ்சம் கூடுதலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். வண்டி உள்ளே வந்ததும் ஜாப் கார்டு எழுதுபவள். பழுது சரியானதும் அதை மூடி அனுப்புபவள். பத்தொன்பது வருடமாக அந்தக் கண்ணாடி அறைதான் என் இடம். அந்த அறைக்கு எதிரே இருபத்தாறு வருடம் வேலை செய்தவர் நம் தலைமை எலக்ட்ரீஷியன், பணியாளர் எண் பதினேழு, நாம் எல்லோரும் 'கைவைத்தியர்' என்று கூப்பிட்ட அண்ணன்.

ஏன் அந்தப் பெயர்? புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியின் பேட்டரிப் பெட்டிக்குள் விரல் நுனி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது என்ஜினின் கணினிக்குச் சொல்லும். சூடு ஏறினால் சார்ஜைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் பேட்டரி கொதிக்கும், வாயு கட்டும். இவ்வளவுதான் அதன் வேலை. அதில் பழுது என்று விளக்கு எரிந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சென்சாரை மாற்றுவார்கள். அண்ணன் என்ன செய்வார்? முதலில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்!

மறுநாள் காலை, என்ஜின் ஆறிக் கிடக்கும்போது, கணினியின் எண்களைக் காட்டும் ஸ்கேனரை மாட்டுவார். வெளிக்காற்று எத்தனை டிகிரி, என்ஜின் தண்ணீர் எத்தனை, பேட்டரி எத்தனை என்று பார்ப்பார். "ராத்திரி பூரா ஒரே இடத்துல நின்ன வண்டி. மூணு பேரும் ஒரே பேச்சு பேசணும். ஒருத்தன் மட்டும் மாத்திப் பேசினா அங்கதான் கோளாறு" என்பார். அடுத்து கனெக்டரைக் கழற்றிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். வயரை முழ முழமாகத் தடவிக்கொண்டு போவார். கடைசியில் சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொள்வார். கையின் சூட்டுக்குத் திரையில் எண் ஏற வேண்டும். ஏறினால் அது உண்மை பேசுகிறது. அதனால்தான் கைவைத்தியர்.

மூன்று முறை சென்சார் மாற்றியும் தீராத ஒரு வண்டி வந்தது நினைவிருக்கிறதா? "அண்ணே, காலியா போனா ஒண்ணும் இல்ல. லோடு ஏத்தினாத்தான் லைட்டு எரியுது" என்றார் ஓட்டுநர். "உன்ன மாதிரிதான்யா. வேலை குடுத்தா மூஞ்சி சிவந்துடுது" என்றார் அண்ணன். பணிமனையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் வண்டிக்கு அடியில் படுத்தார். லோடு ஏறினால் வண்டியின் அடிச்சட்டம் கொஞ்சம் அழுந்தும். அழுந்தும்போது வயர் ஒரு பிராக்கெட்டில் உரசும். உரசி உரசித் தோல் போயிருந்தது. முக்கால் அங்குலம். அதற்காக இரண்டு நாள் மண்ணில் கிடந்தார்.

வெளிக்காற்றின் சூட்டைக் காட்டும் வெப்பமானி என் அறையில்தான் இருக்கிறது. தினமும் காலையில் என் ஜன்னலில் தட்டி அவர் கேட்கும் முதல் கேள்வியும் அந்த ஒப்பீட்டுக்காகத்தான்: "இன்னிக்கு எத்தனை டிகிரி, தங்கச்சி?"

சரி. இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன கோடையில் ஒரு வண்டி வந்தது. அதே விளக்கு. சென்சாரே செத்துப்போயிருந்தது. புதியது வர ஆறு நாள். லோடு அன்றைக்கே புறப்பட வேண்டும். இப்படிப்பட்ட அவசரத்துக்கு நம்மிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. சென்சாருக்குப் பதில் ஒரு சின்ன ரெசிஸ்டரை, அதாவது ஒரு மின்தடைத் துண்டை, வைத்து டேப் சுற்றிவிட்டால் போதும். கணினி எப்போதும் இருபத்தைந்து டிகிரி என்றே காட்டும். வெயில் எரித்தாலும் இருபத்தைந்து. பேட்டரி கொதித்தாலும் இருபத்தைந்து. விளக்கு அணைந்துவிடும்.

அண்ணனிடம் போனேன்.

"லைட்டு அணைஞ்சா போதும்ணே. வண்டிக்காரன் தலைமேல நிக்கிறான்."

"லைட்டு எதுக்கு தங்கச்சி எரியுது? அழகுக்கா?"

"ஆறு நாள் ஆகும்ணே சென்சார் வர."

"அப்ப ஆறு நாள் நிக்கட்டும். வாயில்லாத ஜீவன் அந்த பேட்டரி. ஜுரம் அடிக்குதுன்னு சொல்ல அதுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் கட்டிப்போடச் சொல்றியா?"

"நீங்க மட்டும்தான் யோக்கியரா? எல்லாரும் போடுறதுதானே!"

"எல்லாரும் போடுறாங்க. நான் போடல. போ, போய் வேலையப் பாரு."

சாப்பாட்டு நேரத்தில் அவர் இல்லாதபோது நானே போட்டேன். பார்த்துப் பார்த்துப் பழகிய வேலைதான். டேப் சுற்றினேன். அறைக்கு வந்து கணினியில் ஜாப் கார்டை மூடப் போனேன். செய்தவர் என்ற இடத்தில் பணியாளர் எண் கேட்டது. எலக்ட்ரீஷியன் எண் இல்லாமல் மூடாது. பதினேழு என்று போட்டேன்.

சபையோரே, நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். பதினேழு என்று போட்டது நான்.

பதினோராம் நாள் அந்த பேட்டரி வெடித்தது. நடுப்பகலில் ஏதோ வாடை வருகிறதே என்று பெட்டியைத் திறந்த ஓட்டுநரின் வலது கண் போயிற்று. அவர் இங்கே மூன்றாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். தம்பி, உங்கள் கண்ணை எடுத்தது அண்ணன் இல்லை. நான். அவரை உங்கள் வீட்டு வாசலில் நிற்க வைத்துத் திட்டினீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகும் வாரா வாரம் வந்தார் என்றும் கேள்விப்பட்டேன். அந்தத் திட்டெல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது.

விசாரணை நடந்தது. மேசையில் ஒரு வெள்ளைத்தாள், அதன் மேல் வண்டியிலிருந்து வெட்டியெடுத்த டேப் சுற்றிய துண்டு. குறிப்பெடுக்க நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். டேப்பின் முனையைக் கட்டைவிரலால் தேடினார். எல்லோரும் சுற்றுகிற பக்கத்தில் முனை இல்லை. எதிர்ப்பக்கம் இருந்தது. அவர் தலையைத் தூக்கி, பேனா பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

இந்தப் பணிமனையில் இடது கைக்காரி நான் ஒருத்திதான்.

"உன் நம்பர்தானேய்யா இது?" என்றார் மேலாளர்.

"நம்பர் என்னுதுதான் சார்."

"நீதானே போட்டே?"

"நம்பர் என்னுதுதான் சார்."

இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் அதே பதில். பொய் சொல்லவில்லை, பாருங்கள்! அப்போதும் பொய் சொல்லவில்லை! பொய்யை நான் என் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? தெரியாது. பெரிய காரணம் எதையும் நான் கற்பித்து அவர் தலையில் ஏற்ற மாட்டேன். நான் ஏன் சொல்லவில்லை? அது தெரியும். பயம். வேறொன்றும் இல்லை.

வண்டியைத் தொடக்கூடாது என்று அவரை உதிரிபாக ஸ்டோரில் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாள் காலையும் ஸ்டோர் ஜன்னலின் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "இன்னிக்கு எத்தனை டிகிரி, தங்கச்சி?" ஸ்டோரில் இருப்பவருக்கு டிகிரி எதற்கு? பழக்கத்தில் கேட்டாரா? இல்லை, நான் வேறெதையாவது சொல்வேன் என்று கேட்டாரா? இருபத்தேழு என்பேன். இருபத்தொன்பது என்பேன். எண்ணைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

அந்த இருபத்தைந்து என்னை விடவில்லை. வங்கிக்குப் போனால் சுவரில் ஏ.சி. இருபத்தைந்து காட்டுகிறது. டோக்கன் எடுத்தால் இருபத்தைந்து வருகிறது. மூன்று வாரத்துக்கு முன் அண்ணனுக்கு நெஞ்சு வலி என்று கேட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கண் மூடியிருந்தார். அவர் கை சில்லென்றிருந்தது. அவர் சென்சாரைப் பிடிப்பதுபோல அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டேன். ஏறும் ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை.

அண்ணி, உங்கள் வீட்டுக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மகளே, உன் அப்பா அந்தத் துண்டைத் தொட்டது விசாரணை மேசையில் மட்டும்தான். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று காலை மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன். அந்த ஜாப் கார்டின் நகலில் பதினேழை அடித்துவிட்டு என் எண் நாற்பத்திரண்டைப் போட்டிருக்கிறேன். இனி என்னை என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஸ்டோரில் அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடைத்தது. சென்சார் பழுது சரிசெய்யப்பட்டது என்று மூடிய ஜாப் கார்டுகளை எடுத்து, அந்த நாளில் ஸ்டோரிலிருந்து சென்சார் வெளியே போயிருக்கிறதா என்று ஒப்பிட்டிருக்கிறார். வெடித்த வண்டியைத் தவிர, சென்சார் போகாமலே பழுது சரியானதாக எழுதிய வண்டிகள் ஒன்பது. ஒன்பதின் எண்ணும் அவர் கையெழுத்தில் இருக்கிறது. நான்கைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். வண்டியைத் தொடக்கூடாது என்று வைத்திருந்த மனிதர், அந்த ஓட்டுநர்களைத் தனித்தனியாகத் தேடிப்போய்ச் சரிசெய்திருக்கிறார்!

மீதி ஐந்து. அதில் நான்கு வண்டிகள் இந்த நிமிடமும் எங்கோ வெயிலில் இருபத்தைந்து டிகிரி என்று சொல்லிக்கொண்டு ஓடுகின்றன. அந்த ஐந்தும் என் பொறுப்பு. இந்தப் பணிமனையில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பொறுப்பு. எண்களை வாசலில் ஒட்டியிருக்கிறேன். ஓட்டுநர் தோழர்களே, போகும்போது பாருங்கள். உங்கள் வண்டி இருந்தால் ஓட்டிப் போகாதீர்கள்.

ஐந்தில் முதல் வண்டி, நான் போன் செய்ததும், நேற்று மாலையே வந்துவிட்டது. உடனே அனுப்பிவிடவில்லை. டேப்பை வெட்டிப் புதுச் சென்சாரை மாட்டிவிட்டு, அண்ணன் செய்வதுபோல அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். இன்று காலை ஸ்கேனரை மாட்டினேன். பிறகு சென்சாரைக் கழற்றி இந்த இடது கையில் மூடிக்கொண்டேன். எண் ஏறியது. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று.

ஸ்டோர் ஜன்னலைக் கடந்து நடந்தபோது என் கால் தானாக நின்றது. கம்பிவலைக்குப் பின்னால் யாரும் இல்லை. யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

இன்னிக்கு இருபத்தெட்டுண்ணே. காத்து, தண்ணி, பேட்டரி. மூணு பேரும் ஒரே பேச்சு.