ஸ்டெல்லா சொன்ன ஆமென்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஷூ கம்பெனி அடையாள அட்டை. பள்ளிகொண்டா தாண்டியதும் இளையவள் சொன்னாள்:

"இனிமே எங்க சர்ச்சுக்கு நான் போமாட்டேன்க்கா. ஸ்தோத்திரம் சொல்லியே ஒருத்திய சாகடிச்சிட்டேன்."

"இன்னா பேசுற மேரி?"

"போன மாசம் தோல் கம்பெனில கழிவுத் தொட்டி கழுவ எங்க வூட்டுக்காரரு தான் இறங்கணும். ஜுரம்னு படுத்துட்டாரு. அவருக்கு பதிலா எங்க சபை ஸ்டெல்லாவோட புருஷன் இறங்கினாரு. விஷவாயு அடிச்சி உள்ளயே செத்துட்டாரு."

"அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"ஞாயித்துக்கிழமை நன்றி ஆராதனைல ஆண்டவர் செஞ்ச நன்மைய எழுந்து சாட்சியா சொல்லச் சொன்னாரு பாஸ்டர். நான் எழுந்து, 'என் புருஷன காப்பாத்துன ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்'னுட்டேன். பின்னாடி ஸ்டெல்லா உட்காந்திருந்தத பாக்கலக்கா. சபைல ஒருத்தரும் வாய தொறக்கல. அவ மட்டும் ஆமென்னு சொன்னா."

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள போய் பாத்தியா?"

"போனேன். குடிக்க தண்ணி கொடுத்தா. 'அண்ணன் நல்லாருக்காரா?'ன்னு கேட்டா."

"ஆண்டவர்கிட்டயே அழுதுடு மேரி. மனசு ஆறும்."

"அழலாம்னு தான்க்கா முழங்கால் போடறேன். உள்ள எங்க வூட்டுக்காரரு இருமுற சத்தம் கேக்குது. உடனே வாயில ஸ்தோத்திரம் தான் வருது."