கப்ளிங் நடக்காத காரணம்

எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஏதோ மருந்து ஆராய்ச்சி லேபில் வேலை போல.

"பாக்கை எடுக்காமலே கப்ளிங் போட்டிருக்கேன்டி."

பாக் என்பது அமீன் என்கிற மூலக்கூறுக்கு மாட்டும் மூடி. மூடியைக் கழற்றினால்தான் அமீன் அடுத்த மூலக்கூறோடு சேரும்; அந்தச் சேர்க்கைதான் கப்ளிங்.

"ஹெல்மெட் மேல எண்ணெய் தேச்சிருக்கே."

"ரீஏஜென்ட் கெமிக்கலே மட்டம்னு சார்கிட்ட வேற சொல்லிட்டேன். அவர் சப்ளையரைப் புடிச்சி காய்ச்சி எடுத்துட்டாரு."

"பாவம்டி அந்த ஆளு. உண்மையைச் சொல்லிடு."

"சொல்லத்தான் காலையில அந்த சப்ளையருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'எங்க லேப்ல செக் பண்ணிட்டோம் மேடம், நாங்க அனுப்பின பாட்டில்லதான் கோளாறு'ன்னு அவரே ஒத்துக்கிட்டாரு."