ஸ்டொப்வாட்சுக்குக் காட்டாத வேகம்

...அந்த மெசின்ர தலையில இடி விழ! ஓம் தங்கச்சி, உங்கட பிளவுஸ் இன்னும் முடியேல்லத்தான். அந்தத் துணியளைத் தள்ளிப்போட்டு இருங்கோ. கொக்கி தைக்கிறது மட்டும்தான் பாக்கி. கொட்டாஞ்சேனையில வீட்டுக்குள்ள குந்தியிருந்து கொக்கி தைக்கிற ஆளே நான்? இருபத்திரெண்டு வருசம் கார்மென்ட்ஸில ஷேர்ட்டுக் கொலர் தைச்ச புளோறன்ஸ்! போன மாசம் கொலர் தைக்க ஒரு மெசின் வந்துது. தானே மடிக்குது, தானே தைக்குது, துப்புது. எங்கட லைன்ல முப்பது பேருக்கும் வேலை போய், இப்ப வீட்டை.

என்ர அப்பா ஹாபர்ல மூட்டை தூக்கினவர். கிரேன் வந்துது, அவரும் வீட்டை. சாகும்வரைக்கும் கிரேனைத் திட்டினார் மனுசன். அதுக்கென்ன காது கேக்குமே எண்டு நான் சிரிப்பன். இப்ப என்னைப் பாருங்கோ!

ஏன் மணிக்கூட்டைப் பாக்கிறீங்கள்? இருங்கோ...

ஃபக்டரியில எங்கட வேகத்தை அளக்க ஸ்டொப்வாட்சோட ஆள் வந்து பக்கத்தில நிண்டா, மெதுவாத்தான் தைக்கோணும், தெரியுமே? வேகத்தைக் காட்டினா அடுத்த நாளே டார்கெட்டை ஏத்திப்போடுவாங்கள். எத்தினை பேர் வந்தாங்கள்! ஒருத்தனுக்கும் என்ர வேகம் தெரியாது. கொலர் முனையைப் பெருவிரலால தள்ளித் திருப்புற வித்தையை, பக்கத்து மெசின் ஜீவராணிக்குக்கூட நான் காட்டேல்ல.

பிறகு வந்தான் ஒரு எஞ்சினியர். கமராவும் கையுமா, ஷேர்ட்டை உள்ளுக்கு விட்டுக்கொண்டு, பெரிய துரை! மூண்டு நாள் என்ர கையைப் படம் பிடிச்சான். அதில என்ர பெருவிரல் வித்தையைப் பாத்துத்தான் மெசினைப் பழக்கினவங்கள். என்னது, ஏன் அவனுக்கு மட்டும் காட்டினனீங்கள் எண்டோ கேக்கிறீங்கள்? பெரிய மனேஜர் பக்கத்தில நிண்டவர், தங்கச்சி! பெடியனுக்கு முதல் வேலை. நான் ஊர்ந்து ஊர்ந்து தைச்சா அவனுக்குத்தானே வெக்கம்?

...ஓம். என்ர மகன்தான். தனுஷன். ஓவர்டைம் செய்து செய்து நான் படிப்பிச்ச பிள்ளை. ஃபக்டரிக்குள்ள "அம்மா" எண்டு கூப்பிடாதை எண்டு நான்தான் சொன்னனான். கொலர் தைக்கிறவளின்ர மகன் எண்டா மதிப்பாங்களே? "புளோறன்ஸ் அக்கா" எண்டான், பாவி! இப்ப பணக்காரர் இருக்கிற ஹெவ்லொக் டவுனில வீடு எடுத்து, வாங்கோ அம்மா, வாங்கோ எண்டுறான். அங்க போய் ஆரைத் திட்டுறது நான்?

போறீங்களோ? பொறுங்கோ, இதை மட்டும் கேட்டிட்டுப் போங்கோ. முதல் நாள், கமராவைத் திருப்புற மாதிரிக் குனிஞ்சு, மனேஜருக்குக் கேக்காம என்ர காதுக்குள்ள சொன்னான். "அம்மா, மெதுவாத் தையுங்கோ." ரெண்டு தரம் சொன்னவன், தங்கச்சி.

எனக்கு வந்துதே ஒரு கோபம்! தைக்கிறதுக்கு நீ எனக்குச் சொல்லித்தாறியோடா எண்டு... பெருவிரல் வித்தையையும் காட்டி, இன்னும் வேகமாத் தைச்சனான்.