ஒம்பது மா வயல்ல ஒரு பேயி

…சாத்திட்டான்! பாத்தீங்களா, நம்ம பஸ்ஸு மூஞ்சிக்கு நேரா வந்து எறக்குறான் பாருங்க ரயில்வே கேட்ட! இந்த நீடாமங்கலம் கேட்டுக்கு எம்மேல என்ன கோவமோ தெரியல. இப்ப ஒரு இஞ்சின் மட்டும் தனியா வரும். வந்து நிக்கும். வந்த வேல மறந்துபோன மாதிரி நிக்கும். அப்பறம் வந்த வழியே பின்னாடி போவும். அதுக்கு அரமணி நேரம்! லொக்… லொக்… ஒண்ணுமில்லீங்க, பீடி இருமலு. கொஞ்சம் நவுந்துக்குங்க… ஆ! யாரும்மா பின்னாடி? சாக்குல என்னத்தக் கட்டி வச்சிருக்கீங்க, முதுகுல குத்துது! சிரிக்கிறாங்க பாருங்க. இருவது பேரு இருப்பாங்க போலருக்கே. எங்கயோ காதுகுத்துக்குப் போற கூட்டம். நான் கொரடாச்சேரில ஏறும்போதே எடமில்ல, நீங்கதான் பாவம் ஒதுங்கி உக்காந்தீங்க.

வானத்தப் பாருங்க. கருக்குதா இல்லியா? அதுவும் அறுப்பு நேரத்துல! ஒம்பது மா குறுவ நெல்லுங்க, மூணு ஏக்கரு! முத்தி, தல சாஞ்சு, 'வா வா'ங்குது. மழ ஒரு தட்டு தட்டுனா போதும், அத்தனையும் சேத்துல படுத்து மொளச்சிரும். அறுக்க ஆளில்ல. கூலிக்கு ஆளில்லன்னா பரவால்லங்க. ஆளு இருக்கு! அருவா இருக்கு! வயல்ல எறங்க மாட்டேங்குறாங்க. ஏங்கிறீங்க?

பேயி இருக்காம்.

சிரிக்காதீங்க… சிரிக்கலியா? சரி. எங்கூர்ல காத்தாயின்னு ஒரு பொம்பள. அறுப்பு செட்டுக்கு அதுதான் தலைவி. நடயா நடந்தேன் அது வாசலுக்கு. அது முறத்துல அரிசியப் பாத்துக்கிட்டே பேசுது, என்னைய ஏறிட்டுக்கூடப் பாக்கல. 'அண்ணே, நாங்க வருவோம்ண்ணே. ஆனா அந்தப் பேயிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. ஆடி மாசம் நாங்க கள பறிக்கயில, உச்சி வெயில்ல, ஒத்தப்பனைக்குப் பின்னாடிலேருந்து ஊஊஊய்ய்ய்னு கத்துச்சுண்ணே. நடுவுல ரெண்டு தடவ இருமுச்சு. பீடி குடிக்கிற பேயி போலருக்கு. பாவம், ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்கண்ணே'ங்குது! எங்கிட்ட ஏங்க சொல்லணும் அத? லொக்… நான் என்ன பேயிக்கு வைத்தியனா?

இவ்வளவுக்கும் நான் யாரு? செல்லதுரைங்க. மன்னார்குடி பக்கத்துல கேட்டுப்பாருங்க. பதினேழு சீர்திருத்தக் கல்யாணம் நடத்தி வச்சவன். மேடையில ஏறுனா பேய், பிசாசு, கொள்ளிவாய், குட்டிச்சாத்தான், எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சுக் கேள்வி கேப்பேன். 'தாய்மார்களே! செத்தவ பேயா வர்றாங்கிறீங்களே, அவளுக்கு அந்த வெள்ளப் பொடவைய யாரு வெளுத்துத் தர்றா? சோடா போட்டு வெளுக்குறாளா, சும்மா தண்ணியில அலசுறாளா?' கைதட்டலு அடங்க அஞ்சு நிமிஷம் ஆவும். 'உசுரோட இருக்கயில வரப்புல நிக்க வுடாத மிராசு, செத்தும் பேயா வந்து வெரட்டுறாருன்னா, பட்டா இல்லாம நெலத்த அனுபவிக்கிற மொத ஆளு அவருதான்!'னு ஒரு போடு போடுவேன். சனம் கூரயப் பிச்சுக்கிட்டுச் சிரிக்கும். அப்பேர்ப்பட்ட என்னோட வயல்ல பேயி!

பேயோட வுட்டாங்களா? அதுவும் இல்ல. இந்தக் காத்தாயி மவன் ஐயாவு இருக்கானே, காலேஜ்ல பிஎஸ்சி. அவனும் அவன் கூட்டாளிங்களும் பேயிக்கு பயப்படாதுங்க. அதுங்களுக்கு வேற ஒண்ணு. ஆனி மாசக் கடைசியில அமெரிக்காக்காரன் வானத்துல வுட்ட ஸ்கைலாப் வுழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? எங்கூர்ல ஆட்டயெல்லாம் அடிச்சுத் தின்னுட்டானுவ, எப்புடியும் சாவப்போறோம்னு. அதுல ஒட்டிக்கிட்டு எவனோ வேற கிரகத்துக்காரன் வந்து, என் ஒம்பது மாவுல எறங்கிட்டானாம். பயிரு வட்டமா மடிஞ்சு கெடந்துச்சாம், தட்டு வச்சு அமுக்குன மாதிரி.

நீங்களே சொல்லுங்க. நட்சத்திரத்துலேருந்து பொறப்பட்டு வர்றான்னா அவன் எவ்வளவு அறிவாளியா இருக்கணும்? அப்பேர்ப்பட்ட அறிவாளி எங்கூர்ப் பாதையில வருவானா? முட்டி வரைக்கும் சேறு! எங்கூருக்குப் பொண்ணு குடுக்கவே யோசிக்கிறானுவ, கிரகத்துலேருந்து எவன் வர்றான்? முத்துப்பேட்டை நெல்லு யாவாரி காதர் மைதீன் பாய்கிட்ட இதச் சொன்னேன். மனுசன் தாடியத் தடவிக்கிட்டு, 'செல்லதுரை, எங்க மார்க்கத்துல ஜின்னு உண்டு. நான் இல்லைங்கல. ஆனா அது கடலு, அலையாத்திக் காடு, அவ்வளவு மீனு, எல்லாத்தையும் வுட்டுட்டு ஒங்க ஒம்பது மாவுக்கு எதுக்கு வருது? அதுக்கு வேற சோலி இல்லையா? மொதல்ல நெல்லக் களத்துக்குக் கொண்டாங்க'ங்குறாரு. கடவுள நம்புற மனுசன் எவ்வளவு தெளிவாப் பேசுறாரு பாருங்க! நம்பாதவன் நான், லோ லோன்னு அலையுறேன்.

இதுல ஒரு வேடிக்க இருக்குங்க. அந்தக் கிரகத்துக்காரனுக்குக் கையில மூணு வெரலுன்னுதான் மொதல்ல பேச்சு. ஆடிப்பெருக்குக்குள்ள அது ஆறு வெரலாயிருச்சு. ஆவணியில நெத்தியில கண்ணு வந்துருச்சு. ஒருத்தன் அவங்கூட பேசிட்டே வந்துட்டானாம், 'ஆத்துல தண்ணி எப்ப வுடுவாங்க'ன்னு அது கேட்டுச்சாம்! நான் கேக்குறேன், நான் சொன்னது மூணு வெரலு. பாக்கி மூணு வெரலு எங்கேருந்துங்க வந்துச்சு?

…ஆமா. நான்தான் சொன்னேன்.

அட, ஏன் அப்புடிப் பாக்குறீங்க! சரி, நீங்க வெளியூரு. கேட்டு வேற தெறக்க மாட்டேங்குறான். காதக் குடுங்க. அந்த ஊஊஊய்ய்ய் யாருன்னு நெனைக்கிறீங்க? மெதுவாத்தான் போட்டுக் காட்டுவேன். ம்ஹ்ம்… 'ஊஊஊய்ய்ய்… என் வயலுஉஉ…' பாத்தீங்களா, டிரைவரே திரும்பிட்டாரு! நாடகத்துல பொம்பள வேஷம் கட்டுன தொண்டைங்க இது. அந்த வட்டம் இருக்கே, அதுவும் அடியேன்தான். நடுவுல ஒரு குச்சி, குச்சியில கயிறு, கயித்தப் புடிச்சிக்கிட்டு களத்துல பொணயடிக்கிற மாடு மாதிரி சுத்துனேன். என் பயிரயே நான் மிதிச்சேங்க! தல சுத்தி ஒரு மணி நேரம் வாய்க்கால்ல கெடந்தேன். பொம்பளைங்களுக்குப் பேயி, படிச்ச புள்ளைங்களுக்குக் கிரகம். பயத்துலயும் ஆளுக்குத் தக்கன குடுக்கணும் பாருங்க.

ஏன் செஞ்சேங்கிறீங்களா? நெலந்தான், வேறென்ன. நான் பெரியவூட்டு மிராசுகிட்ட காரியம் பாக்குறவன். மேடையில அது எப்புடின்னு கேக்காதீங்க, மேட வேற, வயிறு வேற. உச்சவரம்புச் சட்டத்துல மிராசு நெலம் கொஞ்சம் உபரின்னு வந்துச்சு. கூலிக்காரங்க மனுப் போட்டா பிரிச்சுக் குடுத்துருவாங்க. மிராசு என்னையக் கூப்புட்டாரு. 'செல்லதுரை, இந்த ஒம்பது மாவுக்கு எவனும் மனுப் போடாமப் பாத்துக்க. அப்பறம் அது ஒனக்கு'ன்னாரு. அடிதடி பண்ணல, பொய்க்கேஸு போடல. ஒரு பேயத்தானே வுட்டேன்? வேல செஞ்சுச்சுங்க! ஒரு மனு வரல. ஐயாவு மட்டும் எழுதி எடுத்துக்கிட்டுக் கெளம்புனான், அவங்காத்தாவே கையப் புடிச்சு நிறுத்திருச்சு.

நெலம் நின்னுச்சு. பேயும் நின்னுருச்சு! அதாங்க சிக்கலு. வா'ன்னா வருது, போ'ன்னா போவ மாட்டேங்குது. அறுக்காமக் கெடந்தா கர்ணம் அடங்கல் கணக்குல தரிசுன்னு எழுதிருவாரு. எழுதுனாருன்னா ஐயாவு அந்தப் பழய மனுவ எடுத்துக்கிட்டு தாலுக்கா ஆபீசுக்கு ஓடுவான். நெல்லும் போச்சு, நெலமும் போச்சு.

சரி, நாமளே பகுத்தறிவக் காட்டிருவோம்னு போன வெள்ளிக்கெழம ஊரக் கூட்டுனேன். 'உச்சி வெயில்ல, தன்னந்தனியா, ஒத்தப்பனை வரைக்கும் போய்த் திரும்புறேன், எல்லாரும் வரப்புல நின்னு பாருங்க!' போனேன். நெஞ்ச நிமுத்திக்கிட்டுப் போனேன். பனைக்குக் கிட்ட போறேன், ஒரு காத்து அடிச்சுச்சு பாருங்க… கடகடகடகடகட! தலைக்கு மேலங்க! ஆத்தாடி! திரும்புனது தெரியும், ஓடுனது தெரியாது. வேட்டி வரப்புல கெடக்குது, நான் மதகுல கெடக்குறேன். 'காப்பாத்து காப்பாத்து'ன்னு யாரோ கத்துறாங்க. யாருன்னு பாத்தா நானு!

சாயங்காலம் சோறு திங்கயிலதான் ஞாபகம் வந்துச்சு. டால்டா டின்னு! கல்லப் போட்டு, கயித்துல கட்டி, ஆடி மாசம் நானே பனையில தொங்கவுட்டது. அவுக்க மறந்துட்டேன்.

ஐயாவு வந்தான். மூஞ்சிய அப்புடியே பச்சப் புள்ளயாட்டம் வச்சிக்கிட்டு, 'அண்ணே, விஞ்ஞானத்துல ஒருவாட்டி ஓடுனா போதாதுண்ணே. திரும்பத் திரும்ப ஓடி, ஒவ்வொருவாட்டியும் அதே மாதிரி ஓடுனாத்தான் ஆதாரம். நாளைக்கும் ஒரு தடவ வச்சிக்குவமா? நான் நேரம் குறிச்சிக்கிறேன்'ங்குறான். பேயில்லன்னு நெனச்ச நாலு பேரும் அன்னியோட நம்பிட்டாங்க. நாத்திகனே வேட்டி இல்லாம ஓடுறானேன்னு!

லொக்… லொக்… இந்தாங்க, சீவல் போடுறீங்களா? வேணாமா. சரி.

அதுக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டேங்க. வெளியூரு ஆளு! பேயக் கேள்விப்படாத ஆளு. குடவாசல் பக்கம் வீரையன்னு ஒருத்தன், பெரிய அறுப்பு செட்டு வச்சிருக்கானாம். ஒம்பது மாவ ஒரே நாள்ல தூக்கிருவாங்களாம். நான் பாத்ததில்ல. காதர் மைதீன் பாய் மூலமா வெத்தல பாக்கு குடுத்தனுப்புனேன். என்னோட கர போட்ட துண்டுலயே முடிஞ்சு குடுத்தேன். பழய துண்டுதான், நடுவுல பீடி பட்டு ரெண்டு ஓட்ட, முழிக்கிற கண்ணு மாதிரி இருக்கும். வீரையன் வாங்கிக்கிட்டானாம். வெத்தல பாக்கு வாங்கிட்டா வந்துதான் ஆவணும், திருப்பிக் குடுத்தா வரமாட்டோம்னு அர்த்தம், அறுப்புக்காரங்கள்ல அது ரொம்ப அபூர்வம். நாளக்கிக் காலையில வர்றாங்க. சாக்கு வாங்கத்தான் நான் கொரடாச்சேரி போனதே.

நீங்களும் அந்தப் பக்கந்தானா? குடவாசலா! அட, அப்ப வீரையனத் தெரியுமா? தலைய இப்புடியும் ஆட்டுறீங்க, அப்புடியும் ஆட்டுறீங்க. தெரிஞ்சா, தயவுசெஞ்சு பேயி கதயச் சொல்லிராதீங்க. நல்ல ஆளா? நல்ல ஆளாத்தான் இருப்பான். எங்கூரு ஆளுங்க வுட்ட வேலையின்னு தெரியாம வர்றான் பாவம்.

எறங்குறீங்களா? கேட்டு தெறக்க நேரம் இருக்கு, போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, எடத்த நான் பாத்துக்கிறேன். மூட்டையையும் ஏன் எடுக்குறீங்க? நான் என்ன திருடிக்கிட்டா போவப்போறேன்? …இதென்ன, எங்கையில எதயோ வச்சிட்டுப் போறீங்க? துண்டா? ஏங்க, ஒங்க துண்ட வுட்டுட்டு… உள்ள என்னமோ முடிஞ்சிருக்கு. வெத்தல… பாக்கு…

ரெண்டு ஓட்ட.

ஐயய்யோ! வீரையா! வீரையாங்க! நாளக்கித்தானே வரணும்! ஏம்மா, நீங்கள்லாம் ஏம்மா எறங்குறீங்க? கொஞ்சம் வழி வுடுங்க… ஆ! சாக்குல அருவாவாம்மா அது! எத்தன பேரு… காதுகுத்து இல்லியா! ஜன்னல்ல கைய எடுய்யா… வீரையாங்க! இங்க பாருங்க! பயப்படாதீங்க! பேயெல்லாம் கெடயாதுங்க! நான்தாங்க அது! எல்லாரும் கேட்டுக்குங்க, நான்தாங்க அந்தப் பேயி!

…என்னது? சத்தமாச் சொல்லுங்க, இஞ்சின் வருது!

…'அதனாலதான் எறங்குறோம்'ங்கிறீங்களா?

கண்டக்டரே… கேட்டத் தெறக்குறானே… கொஞ்சம் நிறுத்துங்க… நீங்க ஏங்க படியில தொங்கிக்கிட்டே இருக்கீங்க? உள்ள வாங்க. ஒண்ணும் பண்ண மாட்டேங்க. லொக்… லொக்…