அலகுக்கு வராத ரத்தம்

விரதம் இருப்பவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்பது பாவம்தான். ஆனால் அம்பகரத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த அந்த அம்மாள் மெதுவாகப் பேசவில்லை. கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்த அவள் புருஷன், காரைக்காலில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் அம்மனுக்குக் கன்னத்துல அலகு குத்திக்கிறீங்க, சொட்டு ரத்தம் வராது. டாக்டரம்மா சின்னக் கம்பிய ஈறுக்குள்ள விட்டு ஆழம் பாத்ததுக்கு இப்படிக் கொட்டுதே?"

"அதாண்டி எனக்கும் பயமா இருக்கு. இந்த வருஷம் ஆத்தா என்னைய அலகு குத்த விடுவாளா?"

"ஏன் விடமாட்டா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"காப்பு கட்டுன மூணாம் நாளு, காரைக்கால்மேட்டுல சிநேகிதன் வீட்டுல நண்டுக் குழம்பு சாப்புட்டுட்டேன். ரெண்டே ரெண்டு நண்டுதான். அதத்தான் ஆத்தா ரத்தமா காட்டிட்டா."

அந்த அம்மாள் முழுதாக அவர் பக்கம் திரும்பினாள்.

"பல்லு ஒழுங்கா வெளக்காம ஈறு வீங்கிப் போயிருக்கு, அதான் தொட்டாலே ரத்தம் வருதுன்னு டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாங்க. நண்டப் பத்தி ஒண்ணும் சொல்லலியே!"

அவர் துண்டை எடுக்கவேயில்லை.

"அலகுக்கு ஒண்ணும் கவலப்படாதீங்க. வீட்டுக்கு வாங்க, நானே குத்திவிடுறேன்."