ஹல்கா என்றால் வளையம்

பெயர்: முஹம்மது காசிம் அஸீஸா. வயது: 44. தொழில்: வீட்டுப்பணி. வதிவிடம்: நற்பிட்டிமுனை, கல்முனை. தையல்காரி றுஸ்னா தொடர்பாக, 2019 நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

நான் என் கணவர் முபாறக்குடன் வசிக்கிறேன். அவர் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். றுஸ்னா எங்கள் தெருவில் உடுப்புத் தைப்பவர். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் நானும் வேறு சில பெண்களும் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம். எங்கே போகிறேன் என்று கணவர் கேட்டபோது "ஹல்காவுக்கு" என்றேன். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். "அதச் செல்ல ஏலா" என்று சொல்ல மறுத்துவிட்டேன். ஈஸ்டர் ஞாயிறு தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, தெரியாத கூட்டங்களை அறிவிக்கும்படி பொலிஸார் பள்ளிவாசலுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே என் கணவரே அறிவித்தார். அதன் பிறகு பொலிஸார் வந்து றுஸ்னாவைக் கொண்டுபோனார்கள். அவரது கைக்குழந்தையை நான் தூக்கி வந்தேன். போத்தல் பாலைக் குடிக்காமல் அது அழுதது. அதன் பிறகே நான் கணவரோடு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

ஹல்கா என்ற சொல்லுக்கு இரகசியக் கூட்டம் என்று அர்த்தமா என்று சார்ஜன் செல்லத்தம்பி கேட்டார். இல்லை. அறபில் அது வளையம். சங்கிலியின் ஒரு கண்ணையும் அப்படிச் சொல்வார்களாம். ஓதித் தருபவரைச் சுற்றி வட்டமாக இருப்பதால் அந்த இருப்புக்கும் அதே பெயர் வந்தது என்று றுஸ்னா சொல்லித் தந்தார். கதவைச் சாத்தியது வெட்கத்துக்காக. எங்களுக்குக் குர்ஆன் ஓதத் தெரியாது. என் உம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனபின் நான் காலையில் பள்ளிக்கூடம் போனேன். பின்னேரம், மற்றப் பிள்ளைகள் ஓதப் போகும்போது, தம்பிமாரைப் பார்க்க வீட்டில் நின்றேன். கலியாணம் பேசும்போது எங்கள் வீட்டார் ஓதி முடித்தவள் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு மௌத்தானவர்களுக்காகக் கத்தம் ஓதும் வீடுகளில் மற்றவர்கள் குர்ஆன் தாளைப் புரட்டும்போது நானும் புரட்டி, உதட்டை அசைத்து வந்தேன்.

றுஸ்னா வீட்டில் எடுத்த புத்தகத்தைச் சார்ஜன் என் முன் வைத்து வாசிக்கச் சொன்னார். அது சிறுபிள்ளைகள் ஓதும் அறபு அரிச்சுவடி. விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். ஓரிடத்தில் 'பே'யைத் 'தே' என்றேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கணவர் திருத்தினார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கிட்டச் செல்லியிருந்தா நான் ஓதித் தந்திருப்பன்தானே" என்றார். நான் அடுத்த எழுத்தில் விரலை வைத்தேன்.

அதன் பிறகு றுஸ்னாவைக் கூட்டி வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பிள்ளை பால் குடித்ததா என்று மட்டும் என்னிடம் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்றப் பெண்களின் பெயர்கள் கேட்கப்பட்டன. அவர்களில் மருமகள் எடுத்து மாமியானவர்களும் இருக்கிறார்கள். என் வெட்கத்தை மட்டுமே நான் சொல்லலாம்.

இதில் எழுதப்பட்டிருப்பது முழுவதும் என் வாயால் சொன்னது, பொய்யில்லை. தமிழ் எனக்கு வாசிக்கத் தெரியும். நானே வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன்.

(ஒப்பம்) மு. கா. அஸீஸா